பேசும் திரையும் எல்லைத் தமிழும்

எழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணில் தெரியும் வடிவம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. நம் இலக்கணத்தார் அப்படி நினைக்கவில்லை. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் வரிவடிவம் பற்றிய செய்தி கொஞ்சம். ஒலி பற்றிய செய்தியே அதிகம். அதன் பிறப்பியல், ஒவ்வோர் எழுத்தும் நாக்கு, பல், உதடு, அண்ணம் ஆகியவற்றின் துணையால் எப்படிப் பிறக்கிறது என்று வகுத்துச் சொல்கிறது. காதுக்கு எட்டுவதும் எழுத்தே என்ற இந்தப் பழைய எண்ணம், செல்போன் காலத்தில் புதுப் பொருளோடு திரும்பி வந்திருக்கிறது.

பார்வையற்ற ஒருவர் செல்போனை எப்படிப் பயன்படுத்துகிறார்? கண்ணாடித் திரையின்மேல் விரலை நகர்த்துவார். விரலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும். வேண்டியது வந்ததும் இரண்டு முறை தட்டினால் அது திறக்கும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். நம் வீட்டுப் பிள்ளைகள் ஸ்கிரீன் ரீடர் என்பார்கள்.

அந்தக் குரல் எதைச் சொல்லணும், எதைச் சொல்லாமல் விடணும், எந்த மொழியில் சொல்லணும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பாளையங்கோட்டையும் வருகிறது, திருவில்வாமலையும் வருகிறது, கடைசியில் நம் சித்தூரும் தேவிகுளமும் வருகின்றன.

விரலால் படித்த காலம்

பிரான்சு நாட்டின் லூயி பிரெய்ல், 1824இல் தம் 15ஆம் வயதில் ஆறு புள்ளி எழுத்து முறையை உருவாக்கினார். இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியை 1887இல் ஆனி ஷார்ப் அம்மையார் அமிர்தசரஸில் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குக் கல்வி கற்பிக்கத் தொடங்கினார். தமிழுக்கென்று பிரெய்ல் எழுத்தை வகுத்துக் கொடுத்ததும் அவரே. தமிழை விரலால் படிக்கும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

அப்போது இந்திய மொழிகளுக்குப் பலரும் பலவிதமான பிரெய்ல் முறைகளை வைத்திருந்தார்கள். ஒருவர் முறையில் படித்தவருக்கு இன்னொருவர் முறையில் அச்சான நூல் புரியாது. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1951இல் பாரதி பிரெய்ல் என்ற பொதுமுறை உருவானது. இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே புள்ளி. தமிழ்க் ‘க’வுக்கும் மலையாளக் ‘க’வுக்கும் புள்ளி ஒன்றுதான்.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். பாலக்காடு மாவட்டம் கோட்டப்புறத்தில் ஹெலன் கெல்லர் நூற்றாண்டு நினைவுப் பார்வையற்றோர் பள்ளி உள்ளது. இப்படிப்பட்ட ஒரு பள்ளியில் மலையாளப் பிரெய்ல் படித்த பிள்ளை தமிழுக்கு வரும்போது எழுத்தை முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. கண்ணுள்ளவர்களுக்கு இரண்டு வேறு எழுத்தாகத் தெரிவது, அந்தப் பிள்ளையின் விரலுக்கு ஒன்றாகவே தெரியும்.

எழுத்துத் திரையும் படத்திரையும்

கணினி வந்தபோது கதை மாறியது. 1976இல் அமெரிக்காவின் ரே குர்ஸ்வைல் அச்சு நூலைப் படித்துச் சொல்லும் பொறியை வெளியிட்டார். 1986இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் தாட்சர் கணினித் திரையை வாசிக்கும் மென்பொருளைச் செய்தார். 1989இல் டெட் ஹென்டர் என்ற பார்வையற்ற பொறியாளர் ‘ஜாஸ்’ என்னும் திரைவாசிப்பானைக் கொண்டுவந்தார். அது இன்றும் அலுவலகங்களில் புழக்கத்தில் உள்ளது.

அந்தக் காலத்துக் கணினித் திரையில் எழுத்து மட்டும்தான். எழுத்தை வரிசையாகப் படித்துச் சொன்னால் போதும். பிறகு படங்கள் நிறைந்த திரை வந்தது. குப்பைத்தொட்டிப் படம், கடித உறைப் படம், அம்புக்குறி. கண்ணுள்ளவருக்கு இது பெரிய வசதி. திரைவாசிப்பானுக்கோ திண்டாட்டம். படத்தில் எழுத்து இல்லையே, எதைப் படிப்பது?

இதற்குக் கண்ட வழிதான் இன்றுவரை அடிப்படையாக நிற்கிறது. திரையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன்னைப் பற்றி மூன்று செய்திகளைத் தன்னோடு வைத்திருக்க வேண்டும். ஒன்று பெயர், ‘அனுப்பு’ என்பது போல. இரண்டு வகை, பொத்தானா, தலைப்பா, எழுதும் கட்டமா என்பது. மூன்று நிலை, தேர்ந்தெடுத்ததா இல்லையா, திறந்ததா மூடியதா என்பது. மைக்ரோசாப்ட் 1997இல் விண்டோஸுக்காக இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. திரைவாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை. பொருளிடம் ‘நீ யார்?’ என்று கேட்கிறது. பொருள் சொன்னதை நமக்குச் சொல்கிறது. பொருளுக்கு அந்தப் பதிலை எழுதி வைப்பவர் மென்பொருள் எழுதும் மனிதர். அவர் எழுத மறந்தால் பொருள் ஊமை.

திருவில்வாமலைப் பெயர்

இங்கே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். டி.வி. ராமன். அந்த முதலெழுத்துகளின் விரிவு திருவில்வாமலை வெங்கட்ராமன். பாலக்காட்டு மாவட்டத்தின் லக்கிடியிலிருந்து பாரதப்புழையைக் கடந்தால் வரும் அந்தத் திருவில்வாமலைதான். ஊர்ப்பெயரை முதலெழுத்தாகச் சுமந்துகொண்டு உலகம் சுற்றுவது நம்மவர் வழக்கம் அல்லவா!

ராமன் 1965இல் பிறந்து புனேயில் வளர்ந்தவர். குளோக்கோமா என்ற கண்ணழுத்த நோயால் 14 வயதில் பார்வையை முழுதும் இழந்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் கணினியியல் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆய்வின் பெயர் ‘ஆஸ்டர்’. அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும் அதுவே. கணிதச் சூத்திரங்கள் நிறைந்த நூலைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி செய்வதுதான் ஆய்வு. இது சின்ன விஷயம் இல்லை. ஒரு பின்னத்தை இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாக ஒப்பித்தால் யாருக்குப் புரியும்? எது மேலே, எது கீழே, எது எதற்குள் அடங்கியது என்ற அமைப்பைக் குரலின் ஏற்ற இறக்கத்தால் உணர்த்த வேண்டும். எப்படி வாசிக்கணும் என்பதைக் கேட்பவரே மாற்றிக்கொள்ளவும் முடிய வேண்டும். அந்த ஆய்வுக்கு உயர்ந்த விருதும் கிடைத்தது.

1995இல் அவர் ‘ஈமாக்ஸ்பீக்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். நாட்காட்டியைத் திறந்தால் மற்ற வாசிப்பான்கள் 1, 2, 3 என்று எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். இவருடையது, நிற்கும் தேதியையும் கிழமையையும் மாதத்தையும் முழுதாகச் சொல்லும். திரையில் தெரிவதை ஒப்பிப்பது வேறு, அதன் பொருளைச் சொல்வது வேறு என்று அவர் செய்து காட்டினார். 2005இல் கூகுளில் சேர்ந்தார். அங்கே சார்லஸ் சென் என்பவரோடு சேர்ந்து, கண் உதவியில்லாமல் செல்போனைக் கையாளும் திட்டத்தை நடத்தினார்.

கைபேசிக்குள் வந்த குரல்

2009ஆம் ஆண்டை ஒரு திருப்பம் என்றே சொல்லலாம். அதுவரை பட்டன் உள்ள போனையே பார்வையற்றவர்கள் பயன்படுத்தினார்கள். விரலுக்குத் தட்டுப்படும் பட்டன் எதுவும் இல்லாத வழவழப்பான கண்ணாடி வந்ததும், ‘இனி நமக்குச் செல்போன் இல்லை’ என்ற அச்சமே முதலில் எழுந்தது. அந்த ஆண்டு ஜூனில் வந்த ஐபோன் 3ஜிஎஸ் கருவியில் ‘வாய்ஸ்ஓவர்’ என்ற வாசிப்பான் இருந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு 1.6உடன் ‘டாக்பேக்’ வந்தது. 2011இல் ஆண்ட்ராய்டு 4.0 வந்தபோது, விரலால் தடவித் தடவித் திரையை அறியும் வசதி டாக்பேக்கிலும் சேர்ந்தது.

விலை கொடுத்துத் தனியாக வாங்க வேண்டாம். போனோடு சேர்ந்தே வந்தது. கணினிப் பக்கத்தில், மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கிய ‘என்விடிஏ’ என்ற இலவச வாசிப்பானும் இப்படியே ஏழைகளுக்கும் எட்டியது.

எதைச் சொல்வது, எதை விடுவது

இனி நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யும் வேலைக்கு வருவோம். பாலக்காட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் கோவைக்கும் பெங்களூருக்கும் கொச்சிக்கும் மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்கள் எழுதும் செயலியில் வாசிப்பான் பேசும் பேச்சு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதல் விதி: படத்துக்குப் பெயர் வேண்டும். பெயரில்லாத பட்டனில் விரல் பட்டால் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்றுதான் குரல் வரும். ஒரு திரையில் இப்படி ஐந்து பட்டன் இருந்தால் எது பணம் அனுப்புவது, எது கணக்கை மூடுவது?

இரண்டாவது: பெயரோடு வகையைச் சேர்க்கக் கூடாது. ‘அனுப்பு பொத்தான்’ என்று பெயர் வைத்தால், வாசிப்பான் தன் பங்குக்கு வகையையும் சேர்த்து ‘அனுப்பு பொத்தான், பொத்தான்’ என்று சொல்லும்.

மூன்றாவது: அழகுக்கு வைத்த பூவும் கோடும் பேச வேண்டியதில்லை. அவற்றை வாசிப்பானிடமிருந்து மறைக்க வழி இருக்கிறது. ஆனால் மறைக்கும் கை கவனமாக இருக்கணும். சத்தம் குறையட்டும் என்று ஒரு பெட்டியை மொத்தமாக மறைத்தால், அதற்குள் இருந்த விலையும் தேதியும் சேர்ந்தே மறைந்துபோகும்.

நான்காவது: தொடர்புள்ளவற்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘அரிசி’ என்பது ஒரு தொடலில், ‘5’ என்பது இன்னொரு தொடலில், ‘கிலோ’ என்பது மற்றொன்றில் என்றால் கேட்பவருக்குப் பொறுமை போய்விடும். ‘அரிசி, 5 கிலோ’ என்று ஒரே மூச்சில் வர வேண்டும்.

ஐந்தாவது, தானாக மாறும் செய்தி. பணம் போய்ச் சேர்ந்தது என்ற வரி திரையின் ஓரத்தில் தோன்றினால், விரல் அங்கே இல்லாவிட்டாலும் குரல் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு விதம் உண்டு. நடக்கும் பேச்சு முடியும் வரை காத்திருந்து சொல்வது ஒன்று, குறுக்கே புகுந்து சொல்வது மற்றொன்று. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வீட்டில் சொல்வார்களே, அதே மரியாதைதான் இங்கேயும். வீடு பற்றி எரிந்தால் மட்டும் குறுக்கே கத்தலாம்.

இந்த மரியாதை மீறப்பட்டதால் ஒரு வசதியே கைவிடப்பட்டது. செயலி தன் விருப்பப்படி எந்த வாக்கியத்தையும் டாக்பேக்கின் வாயில் போட்டுப் பேசவைக்க ஆண்ட்ராய்டில் ஒரு கட்டளை இருந்தது. பார்வையற்றவருக்கு உதவுவதாக நினைத்து, ‘இப்போது இந்தப் பக்கம் திறந்துள்ளது, இங்கே நீங்கள் இதைச் செய்யலாம்’ என்றெல்லாம் சில செயலிகள் பேசிக்கொண்டே இருந்தன. கேட்பவர் தேடிய செய்தி அதில் அமுங்கிப்போனது. 2025இல் வந்த ஆண்ட்ராய்டு 16இல் அந்தக் கட்டளையை வழக்கொழிந்ததாக அறிவித்துவிட்டார்கள். பெயரையும் வகையையும் நிலையையும் மாற்றத்தையும் சரியாகக் குறித்து வையுங்கள். எப்போது, எவ்வளவு, எப்படிச் சொல்வது என்பதை வாசிப்பானும் அதன் சொந்தக்காரரும் பார்த்துக்கொள்வார்கள் என்பதே அதன் கருத்து. முப்பது ஆண்டுகளுக்கு முன் திருவில்வாமலைக்காரர் ஆய்வில் கேட்பவர் கையில் கொடுத்த உரிமையும் இதுவே.

தமிழ் எழுத்தும் தமிழ்க் குரலும்

இத்தனையும் சரியாகச் செய்தாலும் தமிழுக்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது எழுத்துருச் சிக்கல். 1990களிலும் 2000களிலும் நாம் தமிழைத் தட்டச்சு செய்தபோது, கணினிக்குள் இருந்தவை ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்கள். அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தமிழ், கருவிக்கு அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பை. வாசிப்பான் அந்தக் குப்பையைத்தான் படித்தது. யூனிகோடு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. ஆனாலும் அச்சகங்களும் அலுவலகங்களும் பழைய எழுத்துருக்களை விட நெடுநாள் ஆயிற்று. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான்.

இரண்டாவது, குரல். ஜொனாதன் டடிங்டன் தொடங்கிய ‘ஈஸ்பீக்’ என்ற இலவசப் பேச்சுப்பொறி தமிழும் பேசியது. இயந்திரத்தனமான குரல்தான், ஆனால் பலருக்கும் முதலில் கிடைத்தது அதுவே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரமேஷ் ஹரிஹரன் தொடங்கிய ‘த்வனி’ என்ற பொறியைச் சந்தோஷ் தோட்டிங்கல் வளர்த்தெடுத்து, மலையாளம், தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளைப் பேச வைத்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில் பல கல்வி நிலையங்கள் சேர்ந்து, இயல்பான இந்தியமொழிக் குரல்களை உருவாக்கின. இன்று கூகுளின் பேச்சுப்பொறியிலேயே தமிழும் மலையாளமும் உள்ளன.

தமிழைப் பேசவைப்பதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. நம் ஊர்ப்பெயர்களே அதற்குச் சாட்சி. தேவிகுளம், தேனி. இரண்டும் ‘தே’ என்றே தொடங்குகின்றன. ஆனால் ஒலி ஒன்றா? மலையாளத்தில் இவற்றுக்கு வேறு வேறு எழுத்து. தமிழில் ஒரே எழுத்து. இடத்தைப் பார்த்து ஒலிக்கும் விதியைப் பொறிக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ‘தம்பி’யில் ம்-க்குப் பின் வரும் பகரம் மெலிந்து ஒலிக்கும் என்பது விதிக்குள் அடங்கும். தேவிகுளம் விதிக்குள் அடங்காது. அகராதியில் தனியாகச் சேர்க்க வேண்டிய சொல் அது. சுருக்கங்களும் அப்படித்தான். ‘ரூ.’, ‘கி.மீ.’, ‘மு.ப.’ என்று கண்ணுக்கு எழுதியதைப் பொறி எழுத்தெழுத்தாகப் படித்துவிடலாம். வாசிப்பானுக்குக் கொடுக்கும் பெயரில் ரூபாய், கிலோமீட்டர், முற்பகல் என்று முழுச்சொல் இருப்பதே நல்லது.

மூன்று மொழி ஊரில் எந்த மொழி?

1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்து மலபாரிலிருந்து பாலக்காடும், திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சித்தூரும் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் அமைந்தன. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், போனில் ஆங்கிலம் என்பது அன்று முதல் வளர்ந்த வாழ்க்கை. கேரள அரசின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் பதில் பெறவும் இடம் தந்தது. தாளில் எழுதிய காலத்தில் உண்டான உரிமை அது. தாள் போய்த் திரை வந்த பிறகு அந்த உரிமை பட்டனுக்குள் போய் உட்கார வேண்டும்.

கண்ணுள்ள தமிழர், மலையாளத் திரையைக் கண்டால் படத்தைப் பார்த்தோ, அனுபவத்தாலோ சமாளித்துக்கொள்வார். பார்வையற்ற தமிழருக்குப் பெயர்ச்சீட்டின் மொழிதான் எல்லாம். மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு வரி எந்த மொழியில் உள்ளது என்பதையும் செயலியில் குறித்து வைக்க வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழ் வரியைச் சந்திக்கும்போது ஒன்றும் பேசாமல் தாண்டிவிடக்கூடும். திரையில் தமிழ் இருக்கும், காதில் இருக்காது. குறிப்பு இருந்தால், அந்தந்த மொழிக் குரல் போனில் இருக்கும் பட்சத்தில், வரிக்கு வரி குரலை மாற்றிப் படிக்க முடியும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், போன் முழுதும் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஒரு செயலியை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி உள்ளது. ஆனால் அந்தச் செயலியைச் செய்தவர் தமிழை உள்ளே வைத்திருந்தால்தானே?

இதில் போகும் பொருள் பெரிது. வங்கிச் செயலியின் ரகசிய எண் பலகை பெயரில்லாமல் ஊமையாக இருந்தால், பார்வையற்றவர் தன் ரகசிய எண்ணை அடுத்தவரிடம் சொல்லித்தான் பணம் அனுப்ப வேண்டும். மாறாக, அடித்த எண்ணை உரக்கச் சொல்லும்படி அதை அமைத்திருந்தால், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடுவார். சொல்ல வேண்டியதைச் சொல்லாததும் குற்றம், சொல்லக் கூடாததைச் சொல்வதும் குற்றம். தன் பணத்தைத் தானே எண்ணும் மானம் இதில் அடங்கியிருக்கிறது.

சட்டமும் சங்கமும்

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் சுமார் 50 லட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொழில்நுட்பம் அவர்களுக்கும் எட்டும்படி இருக்கணும் என்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கென ஐ.எஸ். 17802 என்ற தரத்தை வகுத்துள்ளது. 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம், பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணுச் சேவையை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. வாடிக்கையாளர் அடையாளம் காட்டக் கேமராமுன் கண் சிமிட்டணும் என்ற ஏற்பாடு, அமிலவீச்சில் கண் இழந்தவரையும் பார்வையற்றவரையும் வெளியே நிறுத்தியதே அந்த வழக்கின் வேர்.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே தமிழைக் கொண்டுபோய் வைப்பது நம் வேலை. மென்பொருள் வேலையில் உள்ள பிள்ளைகள், தாங்கள் செய்யும் செயலியை ஒருநாள் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திப் பார்க்கலாம். பெயர்ச்சீட்டுகளைத் தமிழாக்குவதில், ‘ரத்து செய்’ என்பதா ‘வேண்டாம்’ என்பதா என்று, சங்கத்துத் தமிழாசிரியர்கள் துணை நிற்கலாம். அப்போது பார்வையற்ற நண்பர் ஒருவரைக் கூட உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். கேட்பவர் சொல்வதே கடைசித் தீர்ப்பு.

அரசையும் வங்கியையும் கேட்பதற்கு முன் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் சங்க மலர்கள் பழைய எழுத்துருவிலோ, படம் பிடித்த பக்கங்களாகவோ போனுக்கு வந்தால், வாசிப்பான்களால் அவற்றைச் சரியாகப் படிக்க முடியாது. யூனிகோடு எழுத்தில், தலைப்புகளைத் தலைப்பென்று குறித்து, புகைப்படங்களுக்கு ஒரு வரி விளக்கம் எழுதி மின்பதிப்பு ஒன்று வெளியிட்டால் செலவு அதிகம் ஆகாது. அப்படி ஒரு பதிப்பு வந்தால், மூணாறிலோ கொழிஞ்சாம்பாறையிலோ பார்வையில்லாத ஒரு தமிழர் இந்த மலரை யார் துணையும் இல்லாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தாமே கேட்டுப் படித்துக்கொள்வார்.